முதல் காட்சிக்கு றோசமலர் அக்கா

"இந்தப் படம் ஓடுமோ, ஓடாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ அக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்."

ஜெயரட்ணம் சுவரொட்டியை மேசையில் விரித்தான். றோசமலர் அக்கா மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கதாநாயகன் யார், பாட்டு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "ஓடும்" என்றாள்.

அவ்வளவுதான். ஜெயரட்ணத்துக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழ்ப் படம் காட்டுகிறவன் அவன் ஒருவன்தான். கிழமை நாட்களில் அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பான். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சீசா என்ற பகுதியில் இருக்கும் சின்னத் தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாரிஸிலிருந்து வரும் படச்சுருளை ஓட்டுவான். தியேட்டர்க்கார இத்தாலியர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சின்னப் பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது. முதல் படத்தன்று ஒரு வாண்டு திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கியதால் வந்த வினை அது. ஜெயரட்ணத்துக்கு அதில் வருத்தமே இல்லை. அவன் கலியாணம் கட்டாதவன். அழுகைச் சத்தமில்லாமல் படம் பார்ப்பது அவனுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் எந்தப் படம் ஓடும், எது படுக்கும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவே இல்லை. யானை, குதிரை, இருநூறு ஆட்டக்காரர் என்று கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படத்துக்கு இங்கே ஈ காக்கை வராது. மாமியாரும் மருமகளும் மூன்று மணித்தியாலம் அழுகிற படத்துக்குக் கதிரை காணாது. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவனிடம், ஒருநாள் பஸ்ஸில் கண்ட றோசமலர் அக்கா, வாற ஞாயிற்றுப் படம் ஓடாது தம்பி என்று போகிற போக்கில் சொன்னாள். ஓடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முந்திய வியாழன் பின்னேரம், அவள் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, அந்த இத்தாலிய சிஞ்ஞோரா, அவளுக்கு லீவு கொடுக்கும் நேரம் பார்த்து, அவள் வீட்டில் போய் நின்றுவிடுவான். ஒன்பது படம் கேட்டாயிற்று. ஒன்பதும் அவள் சொன்னபடியே நடந்தது.

இத்தனைக்கும் அவள் ஒரு படத்துக்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் அலுவல் இருக்கிறது என்பாள். மன்னார்க்காரி, செபமாலையும் கையுமாகத் திரிகிறவள். அந்தச் செபத்தின் பலன்தான் இந்த வாக்கு என்று, நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஜெயரட்ணம் மனதார நம்பினான்.

இந்த முறை விஷயம் பெரிது. இதுவரை வந்தவற்றிலேயே அதிகச் செலவில் எடுத்த படம். படச்சுருள் அனுப்பும் பாரிஸ்காரர் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இதற்கும் கதிரை நிறையாவிட்டால் இனிமேல் படச்சுருள் பக்கத்து நகரம் கத்தானியாவுக்குத்தான் போகும், பலெர்மோக்காரர் வீட்டிலிருந்து கசெட்டில் பார்த்துக்கொள்ளட்டும். ஜெயரட்ணத்துக்கு அந்த ஒரு ஞாயிற்றை விட்டால் மாதத்தில் சந்தோஷம் என்று வேறொன்றும் இல்லை.

"அக்கா, இந்த முறை நீங்கள் கட்டாயம் வரவேணும். முன் வரிசையிலை, என்ரை விருந்தாளியா."

வழக்கம்போல் அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. இத்தனை படத்துக்கு வாக்குச் சொன்ன மனுசி ஒன்றையும் கண்ணால் பார்க்காமல் இருந்தால் அந்தப் பாவம் தனக்குத்தான் என்றான். அக்கா முதல் தடவையாகச் சுவரொட்டியை எடுத்து ஆசையோடு பார்த்தாள். விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள்.

"அப்ப ரண்டு காட்சி போடும் தம்பி. முதல் காட்சிக்கு நான் வாறன். முடிஞ்ச உடனை என்னைக் கொண்டுபோய்க் கோயிலடியிலை விட்டிடவேணும்."

ஜெயரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு காட்சி நிறையும் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டதே. தியேட்டர்க்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மத்தியானக் காட்சிக்கும் சம்மதம் வாங்கினான்.

ஞாயிறு காலை ஒன்பதரை. தொண்ணூறு கதிரைகள். அக்காவை விட்டால் வந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கும் அவனைப் போல ஒண்டிக்கட்டைகள். முன் வரிசையில் அக்கா உடுத்தியிருந்த மயில்நீலத்தைத் தவிர, தியேட்டரில் மருந்துக்கும் ஒரு சேலை இல்லை.

ஜெயரட்ணம் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பதும், திரும்பி வந்து கதிரைகளைப் பார்ப்பதுமாக இருந்தான். திரையில் யானைகள் வந்தன, போயின. ஒன்றும் அவன் கண்ணில் ஏறவில்லை. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் அக்காவின் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று விழுந்தான்.

"என்ரை கதை முடிஞ்சுது அக்கா. முதல் தரமா நீங்கள் சொன்னது பிழைச்சுப் போச்சு."

அக்கா முகம் நிறையச் சிரிப்போடு கொஞ்சம் வறுத்த கச்சான் கடலையை அவன் கையில் வைத்தாள். ஒன்றுக்கும் பயப்படவேண்டாம், மத்தியானக் காட்சிக்கு நிற்க இடமிருக்காது என்றாள். அதுவும் செபத்தில் கண்டதோ என்று அவன் அழாக்குறையாகக் கேட்டான்.

"செபமோ? படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலை என்னட்டை எத்தினை பிள்ளையளை விடப்போயினம் எண்டு புதன்கிழமையே தாய்மார் வந்து சொல்லிப்போடுவினம். போன படத்துக்கு ஆறு பிள்ளை, ஓடாதெண்டு சொன்னன். இதுக்கு நாப்பத்தாறு."

விளக்கு அணைந்தது. அக்கா காலை நீட்டிக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு லீவு. அதுதான் எல்லாரும் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு வீட்டிலை இருக்கினம். இனிக் கதைக்காதையும், படத்தைப் பாக்க விடும்."