பதினேழு புகார்கள்

ஜெரினா டீச்சருக்கும் காரைக்குடிக் கிளை நூலகர் சேவுகனுக்கும் ஆகவே ஆகாது. நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. அதை ஒட்டிய அருங்காட்சியக அறை பூட்டியே கிடக்கிறது. ஏனென்று கேட்டால் மனிதர் எரிந்து விழுகிறார். ஒரே வருடத்தில் பதினேழு புகார் எழுதினாள். ஒவ்வொன்றும், ‘இவரை வேலையை விட்டுத் தூக்குங்கள்’ என்றுதான் முடியும்.

எழுதியதை அவரிடமே நீட்டுவாள். “உங்க மேலதான் புகார். மேலிடத்துக்கு அனுப்புற தைரியம் இருக்கா?”

“வச்சிட்டுக் கெளம்புங்க,” என்பார் சேவுகன், தலை நிமிராமலே.

எல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று நினைத்தாள். சிவகங்கையிலிருந்து மாவட்ட நூலக அதிகாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள்.

“சார், நான் எழுதின புகாரையெல்லாம் இவரு அமுக்கிட்டாரு!”

அதிகாரி கோப்பைத் திறந்தார். பதினேழும் தேதிவாரியாக இருந்தன.

“ஆள் வராத நூலகத்தையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவும்மா. இங்க வாசகர் வாராகன்னு ஆதாரம் கேட்டோம். இவரு இதைத்தான் அனுப்பி வச்சாரு. நூலகம் தப்பிச்சிருச்சு.”

“அப்ப இவரு கதி?”

“புகார் எல்லாம் உண்மைன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரே. இன்னையிலருந்து சஸ்பெண்ட்.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஜெரினாவுக்கு அது இனிக்கவில்லை. மேசையைக் காலி செய்துகொண்டிருந்த சேவுகனிடம் போனாள்.

“ஏன் சார் இப்படிச் செஞ்சீக? வேற ஆதாரமே கெடைக்கலையா?”

“எங்குட்டுப் போய்த் தேட?” வழக்கம்போல் எரிந்து விழுந்தார் சேவுகன். “வருசம் பூரா இந்தப் படியேறுன ஒரே ஆளு நீங்கதானே!”