ஆக்காட்டி

வயிறு தரையில் படக் கிடந்தாள்.

வற்றிய கண்மாய்க்குள் மேடு கிடையாது, மரம் கிடையாது. எழுந்து நின்றால் அடுத்த ஊருக்கும் தெரியும். அதனால் படுத்தேதான் படம் எடுப்பாள். கீழே மண், மேலே வானம், நடுவே ஒரு பறவை.

இன்றைக்கு ஆக்காட்டிக் குருவி.

ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிற பறவை. அவளுக்கு மட்டும் பழகிவிட்டிருந்தது. முட்டைகளை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றது. கூடு என்று எதுவுமில்லை. கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். ஒன்றின் மேல் மூன்று கரும்புள்ளிகள், யாரோ ஃ எழுதி வைத்த மாதிரி.

எடுத்தாள்.

முட்டைகளுக்குப் பின்னால், தூரத்தில், வற்றாமல் மிஞ்சிய குட்டையோரம் ஏதோ அசைந்தது. லென்ஸைத் திருகினாள்.

மூன்று பேர். வலை. வலைக்குள் சிறகடிக்கும் வாத்துகள். ஒருவன் கழுத்தைத் திருகித் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

அதையும் எடுத்தாள்.

ஆக்காட்டி எழும்பிக் கத்தியது.

மூன்று தலைகளும் திரும்பின.

ஓடலாம். ஓடுவதைக் கடைசிவரை நின்று பார்ப்பார்கள். அவள் ஓடவில்லை.

"ஃபாரஸ்ட்டுக்காரனுக்கு ஆக்காட்டுறியோ?" ஓடி வந்த மீசைக்காரன் கேமராவைப் பிடுங்கினான்.

இன்னொருவன் வலைப் பக்கமே நின்றுகொண்டான். மூன்றாவது ஆள் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். கண்கள் மட்டும். அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கண்கள்.

சித்தப்பா.

"யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று அவளிடமே கேட்டார்.

மீசைக்காரன் கையிலிருந்த கேமராவை எட்டிப் பிடித்தாள்.

"குருவியத்தேன் எடுத்தேன். சத்தியமா. இந்தா பாருங்க." முட்டைப் படத்தை அவளே திறந்து காட்டினாள்.

மீசைக்காரன் மற்ற படங்களை அழிக்க வைத்தான். சித்தப்பா கேமராவை வாங்கினார். முட்டைப் படத்தைப் பார்த்தார். அவள் கால்மாட்டில் தரையைப் பார்த்தார். மறுபடியும் படம்.

"இது இருந்துட்டுப் போகட்டும்."

கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம் சித்தப்பா அவள் வீட்டுக்கு வந்தார். குளித்திருந்தார். நெற்றியில் திருநீறு. கையில் தூக்குவாளி.

"என்ன தம்பி இது?" என்றாள் அம்மா.

"புள்ள வெயில்ல அலையுதுல்ல மதினி. அவிச்சு எடுத்தாந்தேன்."

அம்மா மூடியைத் திறந்தாள். "அட, காடை முட்டையா?"

"காடைதேன்."

நான்கு இருந்தன.

சித்தப்பா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தார். வழியை அடைத்தாற்போல.

"தின்னு தாயி. நா பாத்துட்டுப் போறேன்."

கண்மாய்ப் பக்கம் ஆக்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் கத்துகிறது என்றாள் அம்மா, சனியன் என்றாள்.

அவள் வாளிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை எடுத்தாள். தட்டவில்லை. அடியில் நகத்தால் கீறி, நூல் பிரிப்பதுபோல் உரித்தாள்.

"அதென்னடி, தங்கத்தையா உரிக்கிற?" அம்மா சிரித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மென்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

"நல்லாருக்கா?"

"இருக்கு சித்தப்பா."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்.

தட்டில் ஓட்டுத் தூள் கிடந்தது. ஒரு பெரிய சில்லு மட்டும் அவள் உள்ளங்கையில்.

கேமராவை ஆன் செய்தாள். முட்டைப் படம் அப்படியே இருந்தது.

சில்லைத் திரையோரம் வைத்தாள்.

மூன்று புள்ளிகள். ஒன்றுகூட உடையவில்லை.