நடுக் குச்சி

"லீவை ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடுங்கண்ணே. இருபது வருஷம் பொறுத்தவருக்கு ஒரு வாரம் பெரிசா?"

அறிவியல் ஆசிரியை கெஞ்சிக்கொண்டே வெள்ளைப் பசையில் வெண்காரத் தண்ணீரை ஊற்றினாள். ஆய்வக உதவியாளர் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தார். பசை கெட்டியாகி, இழுத்தால் நீளும் கூழாக மாறியது.

இந்தக் கூழ்தான் இன்று ஏழாம் வகுப்புக்குப் பனியாறு. மலையில் விழும் பனி இறுகி, கண்ணுக்கே தெரியாமல் சரிவில் நகர்ந்து வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இந்த வருஷம்தான் பாடத்தில் புதிதாகச் சேர்ந்த சோதனை. மாதக் கடைசியில் அதிகாரிகள் வேறு பார்க்க வருகிறார்கள். நேற்று அவள் தனியாகப் பிசைந்தது மேஜையெல்லாம் வழிந்து, அவள் மானத்தை வாங்கிவிட்டது. இவர் கை பட்டால்தான் பதம் வருகிறது.

"முடியாது டீச்சர். தம்பி வர்றப்ப நான் அங்க நிக்கணும்."

"நடுவுல கொஞ்சம் குறைப்பாங்கன்னு சொல்வாங்களே, அப்படி எதுவும் இல்லையா?"

"குறைக்கிறதுக்கு யாரும் இல்ல டீச்சர். நானே கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிதான்."

தம்பி எங்கிருந்து வருகிறார் என்று அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இருபது வருஷம் என்றதுமே ஆசிரியர் அறை தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சிறை என்ற சொல்லை மட்டும் அவர் காதுபட யாரும் எடுப்பதில்லை.

ஜாடிகள் இருந்த அலமாரியில் ஒரு துணிக்கடைப் பை எட்டிப் பார்த்தது. உள்ளே மடிப்புக் கலையாத நீலச் சட்டை.

"தம்பிக்கா? இத்தனை வருஷத்துல அளவு மாறியிருக்காதா?"

"மாறாது. நான்தான் கிழவனாயிட்டேன்." அவர் பிசைவதை நிறுத்தினார். "அன்னைக்குப் போக வேண்டியது என் முறை டீச்சர். முந்தின நாள் ஒண்ணுமில்லாத சண்டை. வீம்புக்குப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, 'நீயே போடா'ன்னுட்டேன். மறுபேச்சு பேசாமப் போனான். அவன் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும். அதுக்காகத்தான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஏன்தான் கேட்டோமோ என்று ஆசிரியைக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க கிளம்புங்கண்ணே. அதிகாரிங்க வர்றப்ப கூழ் ஓடினா ஓடட்டும்" என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தபதபவென்று உள்ளே வந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். நீளவாக்கில் பிளந்த குழாயைச் சரிவாக நிறுத்தி, மேல் முனையில் கூழைக் கொட்டினாள். அதன் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஐந்து பல்குச்சிகளை ஒரே வரிசையில் நட்டாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும்.

"டீச்சர், பனியாத்து மேல ஒரு யானை விழுந்துட்டா?" என்றான் வகுப்பின் வாயாடி.

"பனிக்குள்ள அப்படியே உறைஞ்சு, கூடவே நகர்ந்து, ஒருநாள் கீழ் முனையில வெளிய வரும். கெட்டுக்கூடப் போகாது."

"தும்பிக்கையோடவா?"

வகுப்பே சிரித்தது. பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் மட்டும் சிரிக்கவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் மேஜைக்கு வந்தார்.

பத்து நிமிஷத்தில் குச்சி வரிசை வில்லாக வளைந்திருந்தது. ஒரு சிறுமி அளந்து பலகையில் எழுதினாள்: ஓரம் மூன்று சென்டிமீட்டர், நடு ஆறு.

"ஓரத்துக் குச்சி ஏன் டீச்சர் பின்தங்குது?" உதவியாளர்தான் கேட்டார்.

"குழாயோட சுவர் உரசிப் பிடிச்சுக்குதுண்ணே. நடுவுல தடுக்க ஒண்ணும் இல்ல, அது பாட்டுக்கு முன்னால போகுது."

"இது கூழு. நிஜப் பனியாறு?"

"அச்சு அசலா இப்படித்தான்!" சோதனை தேறிவிட்ட மகிழ்ச்சியில் அவள் குரல் உயர்ந்தது. "சில இடத்துல இதே மாதிரி நடுவுல ரெண்டு மடங்கு வேகம்கூட இருக்கும்."

பிள்ளைகள் குறிப்பெழுதி, சத்தம் போட்டுக்கொண்டே கலைந்தார்கள். உதவியாளர் போகவில்லை. அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒட்டிய கூழ் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, நானும் தம்பியும் பனியாறு அளக்கிறவங்களுக்கு மூட்டை தூக்கினோம் டீச்சர்."

அவளுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை.

"கீழ் முனையிலேர்ந்து ஒரு கிலோமீட்டர் மேல, நட்டநடுவுல, வெடிப்புக்குள்ள விழுந்துட்டான். யாராலயும் எடுக்க முடியல. எப்பவாவது கீழ வருவான்னு சொன்னாங்க. நடுவுல கால் வைக்க பயந்துக்கிட்டு, நான் ஓரத்துல ஒரு கம்பி நட்டேன். மறுவருஷம் போய் அளந்தேன். அம்பது மீட்டர் நகர்ந்திருந்துச்சு. அதை வெச்சுத்தான் இருபது வருஷம்னு கணக்குப் போட்டேன்."

ஆசிரியை பலகையைப் பார்த்தாள். அதை அழித்துவிட வேண்டும் போல் இருந்தது.

"அப்போ பத்து வருஷத்துக்கு முன்னாடியே வெளிய வந்திருப்பான், இல்லையா டீச்சர்?" என்றார் அவர். "யாருமே இல்லாத இடத்துல."