போயிட்டு வாங்க

பெண்டாட்டி பூமாரி "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் பூலோகம் ஒருநாளும் தாராவித் தோல் ஆலைக்குக் கிளம்பியதில்லை. 1944 ஆடியில், காய்ச்சலில் செத்த அவனைப் பாடையில் தூக்கியபோதும் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியது. அவன் கால் கழுவும் வாளித் தண்ணீர் காலியாகியிருந்தது. ஆலையில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு நெடியோடு ஈரக்கால் தடங்கள் வீட்டுக்குள் போயிருந்தன. வெளியே வந்த தடம் இல்லை.

"உள்ளதான் இருக்காவ, மயினி" என்றாள் பூமாரி.

"காலையில வேலைக்குக் கெளம்புவாம்லா, அப்ப வாயத் தொறந்துராத. சொன்னாத்தான திரும்பி வருவான்" என்றாள் பக்கத்து வீட்டு சண்முகவடிவு.

காலையில் சங்கு ஊதியது. பூமாரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்போரம் நின்றாள். ஈரத்தடங்கள் வாசற்படி வரை வந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தன.

அடுத்த தடம் அவளைப் பார்த்து விழுந்தது.