கரிச்சட்டி

"அந்தக் கரிச்சட்டியை இன்னைக்கே தூக்கும்மா!"

எம்.டி. போட்ட கத்தல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே கேட்டது. எதிரே நின்ற குழுத் தலைவி அசையவில்லை.

கரிச்சட்டி என்பது ஒரு குடும்பத் தலைவி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். கம்பெனி புதிதாகச் செய்திருக்கும் அடுப்புக் காவல் கருவியைத் தங்கள் வீட்டில் மாட்டி, நிறைகுறை சொல்ல ஒப்புக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. சோப்பு டப்பா அளவுதான் கருவி. அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஆள் இல்லையென்றால் வீட்டில் உள்ளவர்கள் போனுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பும். மற்ற வீடுகளிலிருந்து 'அருமை', 'சூப்பர்' என்று வந்தது. இவளிடமிருந்து மட்டும் தீய்ந்த பாத்திரத்தின் படம் வந்துகொண்டே இருந்தது.

"என்ன எழுதியிருக்கா பாரு. 'எங்க வீட்டுக்காரர் பாலை அடுப்புல வெச்சுட்டு, போன் பேசிக்கிட்டே வாசலுக்குப் போயிடுறார். உங்க எச்சரிக்கை வந்தா, பார்க்காமலே தள்ளிவிட்டுடுறார். இதுக்கு ஒரு கருவி வேறயா?' கட்டினது ஒரு மடையனை. அதுக்கு நாம என்ன பண்றது?"

அவருடைய போன் 'டிங்' என்றது. திரையைப் பார்க்காமலே கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டார்.

"நம்ம ஆப்தான். நாள் பூரா தொணதொணங்குது. சரி, யாரு இந்தம்மா?"

"சோதிக்கிறவங்க பேரை உங்ககிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க?"

"வாய் மட்டும் குறையில்லை."

"அவங்க கேட்டது ஒண்ணுதான் சார். போன்ல தள்ளிவிட முடியக் கூடாது. எழுந்து அடுப்படிக்குப் போய், கருவியில இருக்குற பட்டனை அழுத்தினாத்தான் சத்தம் நிக்கணும். அதுக்கான புது மென்பொருளை நம்ம பசங்க எழுதி முடிச்சுட்டாங்க. எல்லா வீட்டுக்கும் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

"அனுப்பாதே! காது கிழியக் கத்தினா வாங்குறவன் நம்ம தலையிலேயே போட்டு உடைப்பான். இப்போ அந்த ஒப்பந்தக்காரம்மா வர்றாங்க. இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா, உன் டீமையே கலைச்சுடுவேன். புரியுதா?"

அவள் தன் இடத்துக்கு வந்தாள். கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்ட தழும்பு விரல்களோடு குழு மொத்தமும் அவள் முகத்தையே பார்த்தது.

"என்னக்கா, அனுப்பவா வேண்டாமா?"

அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "அனுப்பு."

"அப்போ நாளையிலிருந்து வேலை போயி எல்லாரும் வீட்டுல பால் காய்ச்ச வேண்டியதுதான்."

"தீயாம காய்ச்சுடா. அதுக்குத்தானே இத்தனை பாடுபட்டோம்."

ஒப்பந்தக்காரம்மா வந்து உட்கார்ந்தார். கட்டட வேலையில் சிமெண்டுச் சட்டி சுமந்து படிப்படியாக முன்னுக்கு வந்தவர். விரல் மூட்டெல்லாம் காய்த்துக் கிடந்தது. மேசையிலிருந்த கருவியை உருளைக்கிழங்கைப் புரட்டுவது போலப் புரட்டிப் பார்த்தார்.

"இங்க பாருங்க தம்பி. என் ஆளுங்க விடிஞ்சதுலேருந்து கான்கிரீட் கொட்டுறவங்க. அறைக்கு வந்து உலையை ஏத்திட்டு, அப்படியே சுவத்துல சாஞ்சுடுவாங்க. போன் அடிச்சா தூக்கத்துலேயே தடவி வாயை மூடிடுவாங்க. போன மாசம் ஒரு அறையே எரிஞ்சுது. ஆள் பொழைச்சது பெரிய விஷயம். உங்க டப்பா என்ன பண்ணும்?"

"எங்க எச்சரிக்கை ரொம்ப மென்மையா இருக்கும் மேடம். யாருக்கும் தொந்தரவே இருக்காது," என்றார் எம்.டி.

"தொந்தரவு பண்ணாததை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எம்.டி.யின் முகம் சுண்டிப்போனது.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் குழுத் தலைவி. "உக்காருங்க. குடித்தனம் நடக்குற ஒரு வீட்டுலேயே காட்டுறேன்." 'அடுப்பை ஏத்திட்டுத் தள்ளிப் போயிடுங்க' என்று தன் போனில் யாருக்கோ ஒரு வரி தட்டினாள்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

திடீரென்று எம்.டி.யின் சட்டைப்பை அலறியது.

அவர் போனைப் பிடுங்கி எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினார். நிற்கவில்லை. மறுபடி தள்ளினார். தேய்த்தார். அமுக்கினார். அது ஆம்புலன்ஸ் மாதிரி இன்னும் ஓங்கிக் கத்தியது.

"போன்ல நிக்காது சார். அந்த அடுப்புகிட்ட யாராவது எழுந்து போயாகணும்."

"போகலேன்னா?" என்றார் அம்மா, சத்தத்துக்கு மேல் சத்தமாக.

"பக்கத்து அறை போனெல்லாம் கத்தும். அப்பவும் யாரும் வரலேன்னா கேஸ் தானா மூடிக்கும்."

அம்மா மேசையில் ஓங்கித் தட்டினார். "இதான் வேணும்! இந்த மூதேவிச் சத்தம்தான் வேணும்! என் எல்லா அறைக்கும் மாட்டிடுங்க. இதை யோசிச்சவங்களுக்கு என் கும்பிடு."

கண்ணாடிக்கு வெளியே குழு மொத்தமும் குதித்தது. எம்.டி. நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாம் எங்க யோசனைதான் மேடம்! நாள் கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு..." அலறல் அவர் பேச்சை விழுங்கியது. "அடச்சே! எந்த மடையன் வீட்டு அடுப்பும்மா இது? என் போன்ல ஏன் கத்துது?"

"மூணு மாசமா அதைத்தான் சார் நீங்க பார்க்காமலே தள்ளிவிட்டுட்டு இருக்கீங்க."

சட்டென்று அலறல் நின்றது. அடுத்த நொடியே அதே போனில் அழைப்பு வந்தது. எடுத்த பதற்றத்தில் ஸ்பீக்கரிலும் விரல் பட்டுவிட்டது.

"ஹலோ, கரிச்சட்டி பேசுறேன்," என்றாள் அவர் மனைவி. "பட்டனை அழுத்திட்டேங்க. சாயங்காலம் வரும்போது பால் காய்ச்ச ஒரு புதுப் பாத்திரம் வாங்கிட்டு வாங்க."