பீப்பாய் ஜின்னில் வஞ்சிரக் குழம்பு

எனக்கும் என் மனைவி ரோசலினுக்கும் செல்போன் கம்பெனியின் குடும்பத் திட்டத்தில் ஒரே நாக்கு இணைப்பு. ஒருவர் ருசிப்பது மற்றவர் நாக்கிலும் வரும்.

பீப்பாயில் ஊறிய ஜின் மதுவுக்கான புதுச்சேரிப் போட்டியில் நான் நடுவர். இன்னொரு தீர்ப்பு பிசகினால் வேலை போய்விடும். மூன்றாம் பீப்பாயை ருசித்தேன். அதே நொடி வீட்டில் அவள் குழம்புக்கு உப்புப் பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்?

"ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் பழ வாசம் லேசு. வஞ்சிரம், புளி. உப்பு தூக்கல்" என்று மைக்கில் அறிவித்தேன்.

ஜின் தயாரித்தவர் கும்பிட்டுவிட்டார். "ஐயா, பீப்பாய மீன் கிடங்குலதான் வெச்சிருந்தேன். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

என்னைத் தலைமை நடுவராக்கினார்கள். மாலையும் கழுத்துமாக வீடு திரும்பினேன். ரோசலின் நேரலையில் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஊரு முன்னாடி என் கொழம்புல உப்பு தூக்கல்னு சொல்லிட்டு, சாப்புட வேற வந்துட்டீங்களா?"

அன்று அவள் மட்டும்தான் சாப்பிட்டாள். எனக்கு ருசி மட்டும் வந்தது. சத்தியமாக உப்பு தூக்கல்தான்.