பார்த்ததுமே பயம் வரணும்

“இவன் வேண்டாம். பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருக்கான்.”

உதவி இயக்குநர் புகைப்படத்தை மேஜையில் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தான். காலையிலிருந்து நாற்பத்திரண்டு முகங்களைப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாசலில் குழந்தை ஒன்றை எவனோ பைக்கில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே குழந்தை பத்திரமாகக் கிடைத்துவிட்டது, ஆள்தான் இன்னும் சிக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு அந்தச் சம்பவத்தை டிவியில் நடித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு கடத்தல்காரன் தேவை.

“மூஞ்சியைப் பார்த்ததுமே ஜனங்களுக்கு அடிவயிறு கலங்கணும். நல்லாக் கறுப்பா, முரட்டு ஆளா ஒருத்தனைப் பிடிச்சுட்டு வா. அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா நாளையிலேர்ந்து நீயும் வராதே” என்று இயக்குநர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மணி நாலேகால். ஆறு வருடமாக அவருக்கு ஓடி ஓடி உழைத்ததற்கு, அடுத்த மாதம் தனி நிகழ்ச்சி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை அவன் மனைவி தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாயிற்று.

வேறு வழியில்லாமல், வழக்கமாகத் திருடன் வேஷம் போடும் நடிகருக்கு ஃபோன் போட்டான். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் ‘வில்லன் அண்ணன்’.

“அண்ணே, இன்னைக்கு ஒருநாள் மட்டும் வாங்கண்ணே. என் வேலையே போயிடும்.”

“தம்பி, நெத்தியில தையல்கூட இன்னும் பிரிக்கலப்பா.” அண்ணனின் குரல் தளர்ந்திருந்தது. “செயின் அறுக்கறவனா நடிச்சேன்ல, அதைப் பார்த்துட்டு மார்க்கெட்ல சுத்தி வளைச்சுட்டாங்க. ‘ஐயா, நான் நடிகன்’னு தொண்டை கிழியக் கத்தினேன். ‘உன்னைத்தான் டிவியில பார்த்தோமே’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. இனிமே எனக்கு இந்த வேஷமே வேண்டாம்.”

“வேற என்ன வேஷம்ணே குடுப்பாங்க உங்க மூஞ்சிக்கு?”

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

“நீயா தம்பி இதைச் சொல்ற?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார்.

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வருத்தப்படக்கூட நேரமில்லை. படிகளில் இறங்கி ஸ்டுடியோ முற்றத்துக்கு ஓடினான். அங்கே ஒரு சுமைத் தொழிலாளி வேனிலிருந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். கறுத்த, கட்டுமஸ்தான உடம்பு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது அவனுக்கு.

“அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை. வசனம் எதுவும் கிடையாது. ஒரு குழந்தையைத் தூக்கி பைக்ல வெச்சுட்டு ஓட்டணும், அவ்வளவுதான்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “புள்ளை புடிக்கிறவனா சார்?”

“சும்மா நடிப்புதானேண்ணே!”

“உங்களுக்கு நடிப்பு. நாளைக்கு என் புள்ளையை நான் எப்படி சார் தூக்கிட்டு வெளிய போறது?”

கையைப் பிடித்துக் கெஞ்சினான். கிட்டத்தட்ட காலில் விழாத குறை. அவர் கையை விடுவித்துக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க சார்” என்றபடி அடுத்த விளக்கைத் தோளில் ஏற்றினார்.

ஃபோன் அடித்தது. திரையில் மகளின் படம். அம்மாவை உரித்து வைத்த முகம், அப்பா சாயல் மருந்துக்கும் கிடையாது. பேசியது மனைவி.

“ஆறு மணிக்கு டியூஷன்லேர்ந்து பாப்பாவை நீங்கதான் கூட்டிட்டு வரணும். மறந்துடாதீங்க.”

“சரி, சரி. வெச்சுடு.”

“என்னங்க, குரலே சரியில்லையே?”

இணைப்பைத் துண்டித்தான். வேலை போனால் அடுத்த நாள் எந்த வாசலில் போய் நிற்பது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு இயக்குநர் ஒளிப்பதிவாளரோடு முற்றத்துக்கு வந்தார். பைக் தயாராக நின்றது. குழந்தையாக நடிக்க வந்திருந்த சிறுமி அதன் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆள் எங்கே?”

“யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்...”

“அப்போ நீ கிளம்பலாம்.”

“சார், சார், ஒரு நிமிஷம்!” அவன் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான். “போலீஸ் ரிப்போர்ட்டைப் பார்த்தேன் சார். தூக்கிட்டுப் போனவன் ஹெல்மெட் போட்டிருந்தான். கறுப்பா சிவப்பான்னு யாருக்குமே தெரியாது, மூஞ்சியை ஒருத்தர்கூடப் பார்க்கலை. நாமும் அப்படியே எடுத்துடலாம். யாரையும் தேட வேண்டாம், நானே ஹெல்மெட்டை மாட்டிட்டு ஓட்டறேன்.”

இயக்குநர் இந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனை நின்று நிதானமாகப் பார்த்தார். அவன் மோவாயைத் தொட்டு முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். ஒளிப்பதிவாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் தலையசைத்தார்.

யோசனை பிடித்துவிட்டது, வேலை தப்பித்தது என்று அவனுக்கு மூச்சு வந்தது. “ஹெல்மெட் எடுத்துட்டு வரட்டுமா சார்?”

“எதுக்கு? உன் மூஞ்சியே போதும்.”